அம்மாவுக்கு ஆகாதவை

எங்கள் அம்மாவுக்குக் கவரிங் ஆகாது. இந்த ஒரு வாக்கியம் எங்கள் குடும்பத்தில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நகைச்சுவையாகவும் குத்தலாகவும் சில வேளைகளில் குற்றச்சாட்டாகவும் வழங்கி வந்திருக்கிறது. அம்மா சீர்காழிக்குப் பக்கத்தில் பிறந்து, 1970இல் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். கவரிங் நகைக்கே பெயர்போன ஊரின் மருமகளுக்குக் கவரிங் ஆகாது என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? அத்தையின் திருமணச் செலவுக்காக 1975இல் அம்மாவின் கல்தோடு அடகுக்குப் போயிற்று, போனது போனதுதான். அதற்கு ஈடாக அப்பா கீழவீதியில் வாங்கி வந்த கவரிங் தோட்டைப் போட்ட மூன்றாம் நாள், காதுமடல் சிவந்து வீங்கி நீர் கசிந்தது. திருகாணியைக் கழற்றுவதற்குள் அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். “மகாராணிக்குத் தங்கந்தான் ஆகுமாம்” என்று அப்பாயி சொன்னார். அம்மா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. அந்தத் தோட்டைத் துணியில் முடிந்து பெட்டியில் போட்டுவிட்டு, வேப்பங்குச்சியைச் சீவிக் காதில் செருகிக்கொண்டார். அண்ணன் தங்கை எங்கள் இருவரின் பள்ளிப் பருவம் முழுவதும் அம்மாவின் காதில் நாங்கள் கண்டது வேப்பங்குச்சியைத்தான்.

காதோடு நின்றிருந்தால் கதை வேறு. இடுப்பின் வலப்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருத்துத் தடித்துக் கிடக்கும். மார்பின் நடுவில், தாலிச்சரடு தொங்கும் இடத்தில், ஒரு புண். ஆறும், மறுபடியும் வரும். ஊர் வைத்தியர் இவற்றுக்கெல்லாம் சேர்த்துக் கரப்பான் என்று ஒரே பெயர் வைத்தார். கத்தரிக்காய், கருவாடு, மொச்சை எல்லாம் கரப்பான் பண்டங்களாகையால் விலக்கப்பட்டன. குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசிய வாசனைதான் எங்களுக்கு அம்மாவின் வாசனை. 2009 ஐப்பசியில் அப்பா காலமானார். அடுத்த சில மாதங்களில் மார்பிலிருந்த புண் ஆறிப்போய், பிறகு வரவேயில்லை. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. அம்மா கவனித்திருக்கிறார் என்பதே எங்களுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

நிற்க. 2022இன் தொடக்கத்தில் அம்மாவின் வலது முழங்கால் மூட்டை மாற்றியாக வேண்டும் என்ற நிலை வந்தது. எலும்பு மருத்துவர் வழக்கமான கேள்விகளுக்கிடையே, “உலோகம் ஏதாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா அம்மா?” என்று கேட்டார். “கவரிங் ஆகாதுங்க” என்று அம்மா உடனே சொன்னார். பழக்க தோஷத்தால் நாங்கள் சிரித்தோம். மருத்துவர் சிரிக்கவில்லை. செயற்கை மூட்டில் பெரும்பகுதி கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் கலந்த உலோகம் என்றும், அதில் நிக்கல் அரை விழுக்காட்டுக்கு மேற்படாத அளவில் இருக்கக்கூடும் என்றும், தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது என்றும் சொன்னார். எலும்பு முறிவுக்கு வைக்கும் எவர்சில்வர் தகட்டில் நிக்கல் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இருக்குமாம். அதனோடு ஒப்பிட்டால் மூட்டில் இருப்பது துளி. ஆனாலும் கேட்டு வைப்பது தம் கடமை என்றார்.

அவர் சொன்னது தோல் மருத்துவரைப் பார்க்கும்படி. நாங்கள் செய்தது வேறு. உறவினர் ஒருவர் ஒரு பரிசோதனைக்கூடத்தின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். தாமதமாக வெளிப்படும் ஒவ்வாமைகளையும் செல்வழி ஒவ்வாமைகளையும் ஒரே இரத்தச் சோதனையில் கண்டறியலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. முதுகில் மருந்தை ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் குளிக்காமல் கிடப்பதைவிட ஒரு ஊசிக்குத்தோடு வேலை முடிகிறதே என்று நினைத்தோம். கட்டணம் 16,000 ரூபாய். விலை கூடினால் உண்மையும் கூடும் என்று நம்பும் வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாங்கள். அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அன்று நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கூடத்தில் இருந்த இளைஞர் அம்மாவின் கையிலிருந்து மஞ்சள் மூடி போட்ட குழாயில் இரத்தம் எடுத்தார். அரைமணி நேரம் உறைய விட்டார். பிறகு சுழல்பொறியில் வைத்துச் சுற்றினார். மேலே தெளிந்து நின்ற வைக்கோல் நிற நீரை மட்டும் ஒரு சிறு புட்டிக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, அடியில் தங்கிய சிவப்புக் கட்டியைக் குழாயோடு கழிவுத் தொட்டியில் போட்டார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். “ரத்தத்த ஏன் தம்பி கொட்டுற?” என்று கேட்டார். “சீரம் மட்டும் போதும்மா” என்றார் அந்த இளைஞர். அம்மாவின் கேள்வியில் எத்தனை நியாயம் இருந்தது என்பதை அப்போது அந்த அறையில் இருந்த எவரும் அறியவில்லை.

பன்னிரண்டு நாளில் முடிவு வந்தது. வழுவழுப்பான தாளில் இருநூற்றுச் சொச்சம் உணவுப் பொருள்கள்; சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணமிட்டு. நிக்கல் என்ற சொல்லே அதில் இல்லை. அரிசி, பசும்பால், தயிர், உளுந்து, துவரை, கடுகு, தேங்காய் எல்லாம் சிவப்பு. சால்மன் மீன், ஆலிவ் காய், வெண்ணெய்ப்பழம், இன்னும் அம்மா தம் வாழ்நாளில் கண்ணாலும் பார்த்திராத பலவும் பச்சை. இந்த ஒழுங்கே எங்களை ஐயுற வைத்திருக்க வேண்டும். தாம் அன்றாடம் உண்டு வளர்ந்தவை மட்டும் எப்படி ஒருவருக்கு ஆகாமல் போகும்? ஆனால் தொலைபேசியில் பேசிய உணவு ஆலோசகரின் குரலில் அத்தனை உறுதி. ஆறு மாதம் சிவப்புப் பண்டங்களை அறவே நீக்கினால் தோலும் தெளியும், மூட்டு வீக்கமும் வடியும் என்றார். ஊர் வைத்தியரின் கரப்பான் பத்தியம் போய்ப் பரிசோதனைக்கூடப் பத்தியம் வந்தது. திருக்குறளின் மருந்து அதிகாரம் பெரும்பகுதியும் உணவின் அளவையும் செரித்தலையும் பற்றியே பேசுகிறது என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருபவர்கள்தாம் வீட்டில் அம்மாவின் தட்டிலிருந்து சோற்றை எடுத்தோம்.

காவிரிப் படுகையில் பிறந்த ஒருவரிடம் சோறு உண்ணாதே, மோர் ஊற்றாதே, தாளிக்காதே என்றால் எஞ்சுவது என்ன? கேழ்வரகும் கம்பும் கொஞ்சம் காய்களும். அம்மா சண்டை போடவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டுத் தாம் கூழைக் குடித்தார். 61 கிலோ இருந்த உடல் ஆறு மாதத்தில் 53 ஆயிற்று. தோல் தெளியவில்லை. இந்த மெலிவோடு அறுவைக்குப் போவது உசிதமில்லை என்று எலும்பு மருத்துவர் நாளைத் தள்ளிப் போட்டார். ஐப்பசியில் அப்பாவின் திதி வந்தது. இலை போட்டு அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். அம்மா இலையில் உட்கார மறுத்துத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அழைக்கப் போன தங்கையிடம், “ஒங்கப்பா கூட ஒக்காந்து நாப்பது வருசம் தின்ன சோறு. அதப் போயி எனக்கு ஆகாதுன்னு எழுதிக் கொண்டாந்துட்டீங்க” என்றார். அன்று எங்களில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுவாரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவுக்கு அம்மாவை அழைத்துச் சென்றோம். பத்து ரூபாய்கூடச் செலவில்லை. அங்கிருந்த பெண் மருத்துவர் அந்த வழுவழுப்புத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எந்த மூடி போட்ட குழாயில் இரத்தம் எடுத்தார்கள் என்று கேட்டார். மஞ்சள் என்றோம். சுற்றித் தெளிய வைத்தார்களா என்றார். ஆம், கட்டியைக் கொட்டிவிட்டார்கள் என்றார் அம்மா. “கொட்டினதுலதாம்மா விஷயமே இருந்துச்சு” என்றார் மருத்துவர்.

அவர் சொன்னதையும், பிறகு நாங்கள் தேடிப் படித்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம். ஒவ்வாமை என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது குறைந்தது இரண்டு வேறுபட்ட காரியங்கள். நண்டு தின்ற சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பது ஒன்று. அது ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளின் வேலை. அந்த எதிர்ப்பொருள் இரத்தத்தின் தெளிநீரில் கரைந்திருப்பதால் தெளிநீரைச் சோதித்தால் தெரியும். கவரிங் தோடு போட்ட காது மூன்றாம் நாள் புண்ணாவது மற்றொன்று. அங்கே வேலை செய்பவை டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள். ஒருமுறை நிக்கலைச் சந்தித்துப் பகையாகப் பதிந்துகொண்ட அணுக்கள், மறுமுறை அது தோலில் பட்டதும் ஆள் திரட்டிக்கொண்டு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகிறது. அந்த நினைவு தெளிநீரில் இல்லை, அணுவில் இருக்கிறது.

இதை உறுதிசெய்த வரலாறு படிக்கத் தகுந்தது. இரத்த வகைகளைக் கண்டுபிடித்து 1930இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் லான்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் கினிப்பன்றிகளை வைத்துச் செய்த சோதனையை 1942இல் வெளியிட்டார்கள். ஒரு வேதிப்பொருளுக்குத் தோல் ஒவ்வாமை கொண்ட விலங்கின் தெளிநீரை வேறொன்றுக்குச் செலுத்தினால் ஒவ்வாமை போய்ச் சேரவில்லை. அதன் வெள்ளணுக்களைச் செலுத்தியபோது போய்ச் சேர்ந்தது. அதாவது, 2022இல் எங்கள் கண்முன் கழிவுத் தொட்டியில் எது விழுந்ததோ அதில்தான் விடை இருக்கிறது என்பது அதற்கு 80 ஆண்டுகள் முன்பே தெரிந்த சங்கதி.

அப்படியானால் இரத்தத்தில் இதைச் சோதிக்கவே முடியாதா? முடியும். பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல் 1960இல் ஒரு விந்தையைக் கண்டார். சிவப்பு அவரைவிதையிலிருந்து, அதாவது நம் கடைகளில் ராஜ்மா என்று விற்கிறார்களே அதிலிருந்து, எடுத்த சாறு பட்டதும், இனிப் பிளவுபடாது என்று எல்லாரும் கருதியிருந்த நிணநீர் அணுக்கள் பெருத்துப் பிளவுபடத் தொடங்கின. 1963இல் வேறு சிலர், காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலினைச் சேர்த்தபோது, அதை முன்பே அறிந்த உடலின் அணுக்கள் பெருகுவதைக் காட்டினர். இதிலிருந்து பிறந்ததுதான் நிணநீர் அணுப் பெருக்கச் சோதனை. இரத்தம் உறையாதபடி எடுத்து, அணுக்கள் உயிரோடிருக்கும்போதே கூடத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அவற்றைப் பிரித்தெடுத்து, நிக்கல் உப்பு மிகச் சிறிய அளவில் கலந்த ஊட்டநீரில் உடம்பின் சூட்டிலேயே ஐந்து முதல் ஏழு நாள் வளர்க்கிறார்கள். கடைசியில் கதிரியக்க டிரிட்டியம் ஏற்றிய தைமிடினை இடுகிறார்கள். பிளவுபடும் அணு புதிய டிஎன்ஏவை ஆக்கத் தைமிடினை உள்ளிழுக்கும். எவ்வளவு இழுத்தது என்பதைக் கதிர்வீச்சை எண்ணி அறியலாம். நிக்கல் இட்ட கிண்ணத்தின் எண்ணிக்கையை நிக்கல் இடாததன் எண்ணிக்கையால் வகுத்து, மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அணுக்கள் நிக்கலை நினைவில் வைத்திருக்கின்றன என்று பொதுவாகக் கொள்கிறார்கள். சுழற்றி உறையவைத்த வைக்கோல் நிற நீரைக் கொண்டு இதில் ஒரு படியைக்கூடச் செய்ய இயலாது.

இச்சோதனை எங்கும் பழுதற்றது என்று சொல்வதற்கில்லை. சுவீடனில் வேரா ஸ்டெஸ்கால் இதையே சற்று மாற்றி மெலிசா என்ற பெயரில் உலோக ஒவ்வாமைக்கென வடிவமைத்தார். தோல் சோதனையில் ஒவ்வாமை காட்டாத நலமானவர்களின் அணுக்களும் அதில் பெருகுவதாக அந்நாட்டு ஆய்வாளர்களே பின்னர் எழுதினார்கள். ஆனால் ஓரிடத்தில் இது ஐயத்துக்கு இடமின்றிப் பயன்படுகிறது. அணு ஆயுத ஆலைகளில் பெரிலியம் உலோகத்தைக் கையாண்ட தொழிலாளர்களின் நுரையீரல், அந்த உலோகத்தின்மேல் டி செல்கள் கொண்ட பகையால் மெல்ல மெல்லக் கெடுவதுண்டு. மூச்சு வாங்கத் தொடங்குமுன்பே அவர்களை இனங்காண அமெரிக்க எரிசக்தித் துறை 1999இல் வகுத்த விதிகளின்படி நடைபெறும் கண்காணிப்பில், இரத்தத்தில் செய்யும் இந்த அணுப் பெருக்கச் சோதனைதான் முதற்கருவி. நம்மூர் மருத்துவமனைகளில் மறைந்திருக்கும் காசநோயை அறியச் செய்யும் இன்டர்ஃபெரான் காமா சோதனையும் இதன் உறவுதான். அங்கும் இரத்தம் உயிரோடிருக்க வேண்டும், ஏறத்தாழ ஓர் இரவு முழுவதும் அணுக்களைக் கிருமியின் புரதத்தோடு இருக்கவிட்டு என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

காசநோய் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. தெளிநீரில் எதிர்ப்பொருளைப் பார்த்துக் காசநோயைச் சொல்லிவிடலாம் என்று இந்தியாவெங்கும் தனியார் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் ஒரு சோதனை விற்றார்கள். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2011இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. 2012 ஜூனில் இந்திய அரசு அச்சோதனைப் பொருள்களின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை அனைத்தையும் தடைசெய்தது. அணுவின் வேலையைத் தெளிநீரில் தேடிய அதே கோளாறு. எங்கள் அம்மாவின் வண்ணத்தாள் கணக்கிட்டது ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருளை. ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஜி இருப்பது, அந்த உணவை உடல் பலகாலம் சந்தித்திருக்கிறது, அதனோடு பழகியும் இருக்கலாம் என்பதைத்தான் காட்டுகிறது. இதை வைத்து உணவு ஒவ்வாமையைத் தீர்மானிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் கழகம் 2008இலும் கனடாவின் கழகம் 2012இலும் சொல்லிவிட்டன. எழுபது ஆண்டு சோறு உண்டவருக்கு அரிசி சிவப்பில் வந்ததன் பொருள், அவர் எழுபது ஆண்டு சோறு உண்டார் என்பதே. 16,000 ரூபாய் கொடுத்து அதைத் தெரிந்துகொண்டோம்.

“இன்னிக்கே வீட்டுக்குப் போயி தயிர் சோறு சாப்பிடுங்கம்மா” என்றார் மருத்துவர். அம்மா வீடுவரை காத்திருக்கவில்லை. மருத்துவமனை வாசலில் இருந்த உணவகத்திலேயே இரண்டு முறை சோறு வாங்கி உண்டார்.

மார்கழியில், வியர்வை குறைந்த நாளாகப் பார்த்து, முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார்கள். யோசெஃப் யாடாசோன் 1895இல் தொடங்கி வைத்த முறை. வடிவம் அவ்வளவாக மாறவில்லை. சிறு சிறு கிண்ணங்களில் வாசலினில் குழைத்த பொருள்களை வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் இரண்டு நாள் விட்டு மறுபடி பார்க்கிறார்கள். நிக்கல் சல்ஃபேட் நூற்றுக்கு ஐந்து பங்கு வைத்த இடம் நான்காம் நாள் சிவந்து, தடித்து, நீர்க்கொப்புளம் கட்டியிருந்தது. இரண்டு கூட்டல் குறி போட்டார் மருத்துவர். கோபால்டுக்கு ஒன்று. சோதனைக்கூடம் எத்தனை நவீனமானாலும், இவ்வகை ஒவ்வாமைக்கு இன்றுவரை முதன்மையான சோதனைக்கூடம் அவரவர் முதுகுதான் என்று சிரித்தார்.

இந்தத் தாமதத்தை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டைப் பால் பட்ட இடம் உடனே அன்றி நாள் கழித்துத்தான் வெந்து கொப்புளிக்கும் என்பது ஊரறிந்த செய்தி. மலையாள நாட்டில் சேருமரம் தீண்டி உடல் வீங்கியவர் தான்றி மரத்தைச் சுற்றி வந்து முறையிடும் வழக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சட்டைக் கழுத்தில் குறியிட்ட இடத்தில் புண் கண்டு, 1943இல் அவர்களுடைய மருத்துவர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். சேங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்த நச்சுக்கொடி ஒன்று அவர்கள் நாட்டுக் காடுகளில் உண்டு. சொந்த ஊரில் பெற்ற பகையை வெள்ளணுக்கள் கடல் கடந்தும் சுமந்து வந்திருந்தன.

முதுகைப் பார்த்து முடித்ததும் மருத்துவர் அம்மாவின் இடுப்பையும் பார்த்தார். “இங்க என்ன செருகுவீங்க?” என்றார். சாவிக்கொத்து. “மார்புல புண் இருந்ததுன்னீங்களே, அங்க?” அம்மா பேசவில்லை. மருத்துவரே சொன்னார்: “தாலில ஊக்கு மாட்டி வச்சிருந்தீங்களா?” தாலிச்சரட்டில் நாலைந்து ஊக்கு கோத்து வைத்துக்கொள்ளாத தமிழ்ப் பெண் யார்? கொடி அறுந்தால், கொக்கி கழன்றால், பிள்ளையின் பொத்தான் போனால் கைக்கு எட்ட வேண்டுமே. அந்த ஊக்கின் பளபளப்பு நிக்கல் பூச்சு. வியர்வை அதைக் கரைத்து நாள்முழுதும் மார்பில் தடவிக்கொண்டிருந்திருக்கிறது.

அம்மா அழத் தொடங்கினார். எங்களுக்குக் காரணம் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மருத்துவரிடம்தான் சொன்னார், எங்களிடம் அல்ல: “அவங்க போன ஆறாம் மாசம் அந்தப் புண்ணு ஆறிப்போச்சும்மா. தாலி எறங்கினதும் ஆறிப்போச்சு. அந்த மனுசனோட வாழ்ந்ததுதான் எனக்கு ஆகலபோலன்னு... யார்கிட்ட சொல்ல முடியும்?” கருமாதியன்று தாலியோடு இறங்கிய ஊக்குகளை அம்மா சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டார். இடுப்புப் புண் மட்டும் ஏன் ஆறவில்லை என்பதற்கும் அதுவே விடை. மருத்துவர் எழுந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, “அது ஊக்கும்மா. வெறும் ஊக்கு” என்றார். வெளியே வரிசையில் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

டென்மார்க்கில் 1990 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1994இன் ஆணைப்படியும், உடலில் நெடுநேரம் படும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது. அதன்பின் டென்மார்க்கில் காது குத்திக்கொண்ட இளம்பெண்களிடையே இவ்வொவ்வாமை குறைந்திருக்கிறது. அரசு ஒரு கம்மலின் கசிவை அளக்கச் சொல்வது எங்களுக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது இல்லை.

2023 பிப்ரவரியில் அறுவை நடந்தது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களிலும் பெரும்பாலோர் வழக்கமான மூட்டோடேயே தொல்லையின்றி நடக்கிறார்கள் என்றும், பூச்சிட்ட மூட்டு மேலானது என்பதற்குத் திடமான சான்று கிடையாது என்றும் எலும்பு மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். ஆனாலும் கூடுதல் பணம் கொடுத்துப் பூச்சிட்டதையே வைத்தோம். அது அறிவுக்குக் கொடுத்த விலையா, அச்சத்துக்குக் கொடுத்த விலையா என்றால் பின்னதுதான். டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, பொன்னிறத்தில் மின்னியது. மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்த அம்மா, “காதுக்குப் போடாத தங்கத்த முட்டிக்குப் போடுறீங்களேப்பா” என்றார். அது தங்கம் இல்லை என்று யாரும் திருத்தவில்லை.

அறுவைக்குப் பின் அம்மாவைப் பார்க்க எங்கள் கல்லூரி வேதியியல் துறை நண்பர் வந்தார். நடந்ததையெல்லாம் முன்பே அறிந்தவராகையால், பழத்தோடு டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலும் அம்மோனியாவும் இரண்டு சிறு புட்டிகளில் கொண்டுவந்திருந்தார். இளங்கலை மாணவர்கள் ஆய்வகத்தில் நிக்கலை அளக்கும் அதே மருந்துதான். பஞ்சில் இரண்டையும் நனைத்துப் பொருளின்மேல் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். சாவிக்கொத்தின் வளையம் சிவந்தது. ஊக்குகள் சிவந்தன. பழைய ஐந்து ரூபாய் நாணயம் சிவந்தது. அதில் கால்பங்கு நிக்கல். எவர்சில்வர் டம்ளர் சிவக்கவில்லை என்பதில் அம்மாவுக்குப் பெரும் நிம்மதி. பேரப்பிள்ளைகள் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் கொண்டுவந்து தேய்க்கத் தொடங்கினார்கள்.

அம்மா தங்கையைக் கூப்பிட்டுப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வரச் சொன்னார். 1975இல் அப்பா வாங்கிவந்த தோடு. பொன்முலாம் பல இடங்களில் தேய்ந்து உள்ளிருந்து வெள்ளை தெரிந்தது. நண்பர் திருகாணியைப் பஞ்சால் தேய்த்தார். அதுவரை கண்டதிலேயே அடர்த்தியான சிவப்பு. அம்மா அந்தப் பஞ்சை வாங்கி வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“ஒங்க அப்பாயி இருந்திருந்தா காட்டியிருக்கலாம்” என்றார். பிறகு தோட்டைத் துடைத்து, பழையபடியே துணியில் முடிந்து, பெட்டியில் வைக்கச் சொன்னார்.